லிஸ்பன் சிங்கங்கள்: ஆடி முடித்த பிறகு பதினொரு பேருக்கும் என்ன ஆயிற்று?

1967ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று, கிளாஸ்கோவின் செல்டிக் பார்க் மைதானத்தில், யூகோஸ்லாவியாவின் வோய்வோடினா அணிக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பைக் கால் இறுதியின் இரண்டாவது ஆட்டம் நடந்தது. முதல் ஆட்டத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றிருந்த செல்டிக் அணிக்கு ஸ்டீவி சால்மர்ஸ் கோல் அடித்துக் கணக்கைச் சமன் செய்தார். 90ஆம் நிமிடத்தில் சார்லி கல்லகர் கார்னரிலிருந்து தூக்கி அடித்த பந்தை, அணித் தலைவர் பில்லி மக்னீல் எம்பித் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். அந்த ஒரு முட்டுதான் செல்டிக்கை அரை இறுதிக்கு அழைத்துச் சென்றது.

அன்று கோல் அடித்த இருவரும் 52 ஆண்டுகள் கழித்து ஒரே வாரத்தில் இறந்தார்கள். மக்னீல் 2019 ஏப்ரல் 22 அன்றும், சால்மர்ஸ் ஏப்ரல் 29 அன்றும் காலமானார்கள். இருவரும் தங்கள் கடைசி ஆண்டுகளை மறதி நோயோடு கழித்தவர்கள். அதே அணியின் பெர்ட்டி ஆல்டுக்கும் அந்நோய் இருப்பதாக 2021இல் தெரிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அவரும் மறைந்தார். ஒரே அணியில் இத்தனை பேருக்கு எப்படி வந்தது, பந்தைத் தலையால் முட்டியதுதான் காரணமா, முதுமையில் எவருக்கும் வரக்கூடியதுதானா என்ற கேள்விகள் அதன்பின் செய்திகளில் திரும்பத் திரும்ப எழுந்தன. விடை தேடுவதற்கு முன், அந்த அணியில் இருந்தவர்கள் யார், ஆடி முடித்த பின் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

அந்தப் பதினொரு பேர்

செல்டிக், கிளாஸ்கோ நகரின் கிழக்குப் பகுதியில் 1887இல் அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் கத்தோலிக்க மக்களிடையே தொடங்கப்பட்ட கிளப். ஐரோப்பியக் கோப்பை என்பது இன்றைய சாம்பியன்ஸ் லீக் போட்டியின் முன்னோடி. அந்நாளில் அந்தந்த நாட்டு லீக்கில் முதலிடம் பெற்ற அணியும், முந்தைய ஆண்டு கோப்பை வென்ற அணியும் மட்டுமே அதில் ஆட முடியும். 1967 மே 25 அன்று லிஸ்பன் நகரை ஒட்டிய தேசிய மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கோப்பையை வென்றிருந்த இத்தாலியின் இன்டர் மிலான் அணியைச் செல்டிக் 2–1 என்று வீழ்த்தியது. தொடக்கத்திலேயே இன்டர் ஒரு பெனால்ட்டியில் முந்திக்கொண்டது. டாமி கெம்மல் தொலைவிலிருந்து அடித்து அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது சால்மர்ஸ் வெற்றி கோலை அடித்தார். பிரிட்டனிலிருந்து இந்தக் கோப்பையை வென்ற முதல் கிளப் இதுதான். அன்று ஆடிய பதினொரு பேருக்கு 'லிஸ்பன் சிங்கங்கள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ரோனி சிம்ப்சன், ஜிம் கிரெய்க், டாமி கெம்மல், பாபி மர்டாக், பில்லி மக்னீல், ஜான் கிளார்க், ஜிம்மி ஜான்ஸ்டன், வில்லி வாலஸ், ஸ்டீவி சால்மர்ஸ், பெர்ட்டி ஆல்டு, பாபி லென்னாக்ஸ் ஆகியோரே அந்தப் பதினொருவர். அத்தனை பேரும் செல்டிக் பார்க்கிலிருந்து 30 மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். மேலாளர் ஜாக் ஸ்டீன் சுரங்கத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர்.

அந்த மண்ணையும் காலத்தையும் புரிந்துகொள்ள ஒரு சிறு காட்சி உதவும். இளம் வயதிலேயே பொய்ப்பல் கட்டிய பலர் அந்த அணியில் இருந்தார்கள். ஆட்டத்தின்போது அவற்றைக் கழற்றி, கோல்கீப்பர் சிம்ப்சனின் தொப்பிக்குள் போட்டு வலையோரம் வைத்துவிடுவது அவர்கள் வழக்கம். லிஸ்பனில் கடைசி விசில் ஒலித்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். வீரர்களில் சிலருக்கோ தொப்பி காணாமல் போய்விடுமே என்ற கவலை. கோப்பை வழங்கும்போது புகைப்படத்துக்குச் சிரிக்கப் பல் வேண்டுமல்லவா? தொழிற்சாலைப் புகையும் மலிவான உணவும் வளர்த்த ஒரு தலைமுறையின் வாய் அது. அந்த அணியிலேயே ஒரு பல் மருத்துவரும் இருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்; அவரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

ஓய்வு என்பது அன்று என்னவாக இருந்தது

இன்றைய முன்னணி வீரர் ஒருவர் ஓய்வு பெறும்போது பெரும்பாலும் வேலை தேட வேண்டிய தேவை இருக்காது. 1970களின் நிலை வேறு. அதைப் புரிந்துகொள்ள மூன்று ஏற்பாடுகளை அறிய வேண்டும்.

1. பதிவு உரிமை. வீரரின் பதிவு கிளப்பின் கையில் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும், இன்னொரு கிளப் விலை கொடுத்தாலன்றி அவர் போக முடியாது. வேறிடம் போய்விடுவேன் என்று சொல்லிச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கும் வலு இதனால் வீரருக்கு இல்லாமல் போயிற்று. பெல்ஜிய வீரர் ஷான்-மார்க் போஸ்மான் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே, ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விலையின்றி இடம் மாற முடிந்தது. லிஸ்பனில் ஆடியவர்களுக்கு அது ஏறத்தாழ கால் நூற்றாண்டு தாமதமாக வந்த நீதி.

2. பாராட்டு ஆட்டம். நீண்ட காலம் உழைத்த வீரருக்காகக் கிளப் ஒரு நட்பு ஆட்டம் நடத்தி, நுழைவுச் சீட்டு வருவாயை அவருக்கே கொடுக்கும். பணிக்கொடை போன்றது இது. ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்பது அன்று எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மக்னீலுக்கு 1974இல் லிவர்பூல் வந்து ஆடியது. ஜான்ஸ்டனுக்கும் லென்னாக்ஸுக்கும் சேர்த்து 1976இல் மான்செஸ்டர் யுனைடெட் வந்து ஆடியது. ஓர் ஆட்டத்தின் வசூலை இருவர் பங்கிட்டுக்கொண்டார்கள்.

3. வயது இடைவெளி. பிரிட்டனில் அன்று ஆண்களுக்கான அரசு ஓய்வூதியம் 65 வயதில்தான் தொடங்கும். பந்தாட்டக்காரரின் உடல் 35 வயதுக்குள் தளர்ந்துவிடும். இடையில் கிடக்கும் முப்பது ஆண்டுகளுக்கு வேறு தொழில் தேடியே ஆக வேண்டும்.

அணியின் பிரிவு மெல்ல நடந்தது. 1971 மே 1 அன்று கிளைட் அணிக்கு எதிரான லீக் ஆட்டத்தில் ஸ்டீன் அந்தப் பதினொருவரையும் கடைசி முறையாக ஒன்றாகக் களத்துக்கு அழைத்து வந்தார். முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றுவிட்ட சிம்ப்சன் சூடேற்றும் பயிற்சி வரை நின்று, பின் கோல்கீப்பர் இவான் வில்லியம்ஸிடம் கையுறையை விட்டுக் கொடுத்தார். செல்டிக் 6–1 என்று வென்றது. அதன் பிறகு ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

பிழைப்பு: யார் எந்த வழியில் போனார்கள்

பெரும்பான்மையினருக்குத் தெரிந்த தொழில் பந்தாட்டம் ஒன்றுதான்; எனவே மேலாளர் நாற்காலியையே நாடினார்கள். மக்னீல், ஆல்டு, கெம்மல், மர்டாக், கிளார்க், சிம்ப்சன், கிரெய்க் என்று பதினொருவரில் ஏழு பேர் ஏதாவதொரு கிளப்பின் மேலாளராக இருந்திருக்கிறார்கள். ஒரு பெரிய மேலாளரிடம் ஆடியவர்கள் தாமும் மேலாளர்களாவது இயல்புதான். ஆனால் அந்த நாற்காலி நிலையற்றது. ஆல்டு பார்ட்டிக் திஸில் அணியை 1976இல் உயர்பிரிவுக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கினார். கெம்மல் முதலில் டண்டீ அணியின் தலைவராக 1973 லீக் கோப்பை இறுதியில் தம் பழைய கிளப்பான செல்டிக்கையே தோற்கடித்தார். பின்னர் அதே டண்டீக்கு மேலாளரானார். இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் ஆடிய மர்டாக் அங்கேயே மேலாளரானார். 1982இல் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்க, அவருடைய மேலாளர் வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது.

மக்னீல் இதில் மிக உயரம் போனவர். அபர்டீனுக்குப் பின் 1978இல் செல்டிக்கின் மேலாளராகி மூன்று லீக் பட்டங்களை வென்றார். ஆனால் 1983இல் ஊதியம் தொடர்பான மனக்கசப்பில் வெளியேறினார். ஸ்காட்லாந்திலேயே வேறு சில அணிகளின் மேலாளர்களைவிடத் தமக்குக் குறைவாகத் தரப்படுகிறது என்பது அவர் குறை. வீரராக ஏறத்தாழ 790 ஆட்டங்களை ஒரே கிளப்புக்காக ஆடி, அதன் வரலாற்றிலேயே பெரிய கோப்பையைத் தூக்கியவருக்கே இந்த நிலை என்றால், மற்றவர்கள் பேரம் பேசும் இடத்திலேயே இல்லை என்பது விளங்கும். மான்செஸ்டர் சிட்டி, ஆஸ்டன் வில்லா என்று சுற்றி 1987இல் அவர் திரும்பி வந்தார், கிளப்பின் நூற்றாண்டு ஆட்டப் பருவத்தில் லீக்கையும் ஸ்காட்டிஷ் கோப்பையையும் சேர்த்து வென்றார், 1991இல் நீக்கப்பட்டார்.

ஜான் கிளார்க் மக்னீலுக்கு உதவியாளராக இருந்துவிட்டுச் சிறிய அணிகளை நடத்தினார். பின்னர் செல்டிக்குக்கே திரும்பி, சட்டை, காலணி, துண்டு முதலானவற்றைப் பராமரிக்கும் பொறுப்பாளராக நீண்ட காலம் பணிபுரிந்தார். ஐரோப்பியக் கோப்பை வென்ற ஒருவர் இளம் வீரர்களின் காலணிகளை எடுத்து வைப்பதைத் தாழ்வாகப் பார்ப்பவர்கள் இருக்கலாம். மேலாளரான மற்ற ஆறு பேரில் ஒருவருக்கும் கிடைக்காத நிலையான வேலை அது என்றே எனக்குத் தோன்றுகிறது. சால்மர்ஸும் கிளப்பின் நிதி திரட்டும் பிரிவில் பணியாற்றினார். லென்னாக்ஸ் அமெரிக்காவில் சிறிது காலம் ஆடிவிட்டு வந்து, செல்டிக்கிலேயே பயிற்சியாளரானார். வாலஸ் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்.

வேறு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆடியவர் ஜிம் கிரெய்க் ஒருவரே. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து முடித்துவிட்டுத்தான் அவர் முழுநேர ஆட்டக்காரரானார். 1972இல் செல்டிக்கை விட்டுச் சென்று, தென்னாப்பிரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிறிது காலம் ஆடிவிட்டு, பின்னர் பல் மருத்துவராகத் தொழில் நடத்தினார். ஒலிபரப்பிலும் எழுத்திலும் ஈடுபட்டார். ஆட்டம் முடிந்த மறுநாள் என்ன செய்வது என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை.

மறுகோடியில் நிற்பவர் ஜிம்மி ஜான்ஸ்டன். குள்ள உருவம், செம்பட்டை முடி, வலப்புற ஓரத்தில் பந்தோடு ஓடினால் இரண்டு மூன்று பேரை ஏமாற்றாமல் நிற்காத கால். 1975இல் செல்டிக் அவரை விடுவித்தபோது அவருக்கு வயது முப்பதுதான். அமெரிக்காவின் சான் ஹோசே, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் யுனைடெட், பின் டண்டீ, டப்ளின், எல்ஜின் என்று ஊர் ஊராக இறங்கிக்கொண்டே போனார். குடிப்பழக்கம் கூடவே வந்தது. அதை அவரே மறைக்காமல் பேசியிருக்கிறார். ஆட்டம் முற்றிலும் நின்ற பிறகு லாரி ஓட்டினார், கட்டட வேலைக்குப் போனார். 2001இல் அவருக்கு இயக்க நரம்பணு நோய் இருப்பது கண்டறியப்பட்டது. உடலை அசைக்க மூளையிலிருந்து ஆணை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் நோய் அது. மறு ஆண்டே, செல்டிக் வரலாற்றின் தலைசிறந்த வீரராக ரசிகர்கள் அவரை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2006 மார்ச் 13 அன்று, 61 வயதில் இறந்தார்.

நோய்க் கணக்கு

இதுவரை சொன்னது பிழைப்பின் கதை. இனி இரண்டாவது கணக்கு தொடங்குகிறது. மர்டாக் 2001இலும், சிம்ப்சன் 2004இலும், கெம்மல் 2017இலும் இறந்தார்கள். ஜான்ஸ்டன், மக்னீல், சால்மர்ஸ், ஆல்டு ஆகிய நால்வரையும் பற்றியது நரம்புச் சிதைவு நோய்களின் வகையைச் சேர்ந்தது. மூளையிலோ தண்டுவடத்திலோ உள்ள அணுக்கள் மெல்ல மெல்லச் செயலிழந்து அழிவதைத்தான் நரம்புச் சிதைவு என்கிறோம். மறதி நோய், அதன் மிகப் பரவலான வடிவமான அல்சைமர், பார்க்கின்சன், இயக்க நரம்பணு நோய் எல்லாம் இக்குடும்பத்தில் அடங்கும்.

பதினொருவரில் நால்வர் என்பது அதிர்ச்சி தரும் விகிதம்தான். ஆனால் பதினொரு பேரை வைத்து மருத்துவ முடிவுக்கு வரக்கூடாது. எண்பதை நெருங்கியவர்களில் மறதி நோய் அரிதன்று. ஒரே ஊர், ஒரே தலைமுறை, ஒரே வகை வறுமை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயிரக்கணக்கான வீரர்களை, அவர்களைப் போன்ற வீரர் அல்லாதவர்களோடு ஒப்பிட்டால்தான் தெளிவு கிடைக்கும். மக்னீலும் சால்மர்ஸும் இறந்த அதே 2019இன் அக்டோபரில், அவர்கள் ஊரான கிளாஸ்கோவின் பல்கலைக்கழகத்திலிருந்தே அப்படி ஓர் ஆய்வு வெளிவந்தது.

கிளாஸ்கோ ஆய்வு சொன்னது

நரம்பு நோயியல் வல்லுநர் வில்லி ஸ்டூவர்ட் தலைமையிலான குழு, 1900க்கும் 1976க்கும் இடையில் பிறந்த 7,676 முன்னாள் ஸ்காட்லாந்துத் தொழில்முறை வீரர்களின் இறப்புப் பதிவுகளை, வயதிலும் வாழ்ந்த பகுதியின் பொருளாதார நிலையிலும் ஒத்த 23,028 பொதுமக்களின் பதிவுகளோடு ஒப்பிட்டது. முடிவுகளில் முக்கியமானவை இவை.

1. நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகம். அல்சைமருக்கு இது சுமார் ஐந்து மடங்கு, இயக்க நரம்பணு நோய்க்குச் சுமார் நான்கு மடங்கு, பார்க்கின்சனுக்குச் சுமார் இரண்டு மடங்கு.

2. இதயநோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறப்பது வீரர்களிடையே குறைவு. 70 வயது வரை அவர்களின் இறப்பு விகிதமே பொதுமக்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. அதன்பின்தான் தராசு மறுபக்கம் சாய்கிறது.

3. 2021இல் வந்த தொடர் ஆய்வு, ஆடிய இடத்தையும் கணக்கிட்டது. தடுப்பாட்டக்காரர்களுக்கு நரம்புச் சிதைவு வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. பந்தைக் கையால் பிடிக்கும் கோல்கீப்பர்களுக்கோ பொதுமக்களிலிருந்து உறுதியாகப் பிரித்துச் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தொழில்முறையில் ஆடிய ஆண்டுகள் கூடக்கூட வாய்ப்பும் கூடியது.

இந்த எண்களில் இரண்டு இடங்களில் வாசகர்கள் தடுக்கி விழுகிறார்கள். 'மூன்றரை மடங்கு' என்றால் முன்னாள் வீரர்களில் பெரும்பாலோருக்கு நோய் வரும் என்று பொருள் இல்லை. ஆய்வுக் காலத்தில் நரம்புச் சிதைவை முதன்மைக் காரணமாகக் கொண்டு இறந்தவர்கள் வீரர்களில் 1.7 சதவீதம், பொதுமக்களில் 0.5 சதவீதம். அடுத்தது, 'இதயநோய்க்குத் தப்பி அதிக நாள் வாழ்கிறார்கள், அதனால்தான் முதுமை நோய் வருகிறது' என்ற வாதம். அதில் நியாயம் உண்டு என்பதால்தான் ஆய்வாளர்கள் பிற காரணங்களால் நேரும் இறப்பையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அப்படிச் செய்த பிறகும் நின்ற எண்தான் மூன்றரை.

தலை முட்டுதான் காரணமா

ஆய்வு யாருடைய தலை முட்டுகளையும் எண்ணவில்லை. 1930களில் ஆடியவருக்கு அப்படி எண்ணுவது முடியவும் முடியாது. எனவே காரணம் ஐயமற நிறுவப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. வீரர்களின் தலைகள் ஒன்றோடொன்று மோதுவதும், முழங்கை படுவதும், மயக்கம் தெளிந்ததும் மீண்டும் ஆட அனுப்பப்பட்டதும் கூடவே இருக்கின்றன. ஆனால் தடுப்பாட்டக்காரருக்கு மிகுந்து, கோல்கீப்பருக்குக் குறைந்து, ஆடிய ஆண்டுகளோடு ஏறிச் செல்லும் ஓர் அமைப்பு, தலையில் விழும் அடிகளையன்றி வேறு எதைச் சுட்டுகிறது என்ற கேள்விக்கு வலுவான மாற்று விடை எதையும் நான் காணவில்லை.

அடிகள் பெரியவையாக இருக்க வேண்டியதில்லை. மயக்கமோ வாந்தியோ வராத சிறு அதிர்வுகள் ஆயிரக்கணக்கில் சேரும்போது, மூளை அணுக்களின் உள்கட்டமைப்பைத் தாங்கும் 'டாவ்' என்ற புரதம் நிலை குலைந்து திரள்கிறது என்று கருதப்படுகிறது. இவ்வாறு வரும் நோய்க்கு நாட்பட்ட அடிபாட்டு மூளைச் சிதைவு என்று பெயர். இறந்த பின் மூளையைச் சோதித்துத்தான் இதை உறுதிப்படுத்த முடியும். இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியில் ஆடி, தலை முட்டுக்குப் பெயர் பெற்றிருந்த ஜெஃப் ஆஸ்டில் 2002 ஜனவரியில் 59 வயதில் இறந்தார்; தொழிலால் வந்த நோய் என்று இறப்பு விசாரணை அதிகாரி பதிவு செய்தார். 2014இல் அவருடைய மூளையை மீண்டும் ஆராய்ந்த வில்லி ஸ்டூவர்ட், அதில் இந்தச் சிதைவின் அடையாளங்களைக் கண்டார். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

'அது பழைய தோல் பந்தின் குற்றம், இன்றைய பந்து இலேசானது' என்று பலர் சொல்வதுண்டு. உலர்ந்த பந்தின் எடை அன்றும் இன்றும் ஏறத்தாழ ஒன்றுதான், 410 முதல் 450 கிராம். தோல் பந்து மழையில் நீரை உறிஞ்சிக் கனத்தது என்பது உண்மை. கிளாஸ்கோவில் மழைக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் நீர் உறிஞ்சாத பந்து வேகமாகப் பறக்கும். தாக்கத்தில் வேகத்துக்கும் பங்கு உண்டு. 2021 ஆய்வில், வீரர் பிறந்த பத்தாண்டு எதுவாயினும் வாய்ப்பு குறையவில்லை. இடையில் பந்து மாறிவிட்ட போதிலும் நோய் வாய்ப்பு அதனோடு சேர்ந்து இறங்கவில்லை.

மாறிய விதிகள்

2020 பிப்ரவரியில் ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம், 12 வயதுக்கு உட்பட்டோரின் பயிற்சியில் தலை முட்டு கூடாது என்று நெறிமுறை வகுத்தது. இங்கிலாந்தில் 2021–22 பருவத்திலிருந்து, வேகமான பந்தைத் தலையால் முட்டுவது பயிற்சியில் வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் வேண்டாம் என்ற வழிகாட்டல் தொழில்முறை அணிகளுக்கு வந்தது. 2022 நவம்பரில் ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி போய், ஆட்டத்துக்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் தொழில்முறை அணிகள் தலை முட்டுப் பயிற்சி செய்யக்கூடாது என்றது. பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களின் பராமரிப்புக்காக இங்கிலாந்தின் வீரர் சங்கமும் பிரீமியர் லீக்கும் சேர்ந்து 2023இல் பத்து லட்சம் பவுண்டு நிதியைத் தொடங்கின. ஒருவரை நாள் முழுதும் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் செலவை எண்ணினால், பல குடும்பங்களுக்கு இடையே பங்கிட அது பெரிய தொகை அன்று.

விதிகள் எல்லாம் பயிற்சியைச் சுற்றியே வரையப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. தொழில்முறை வீரர் தலையால் முட்டும் பந்துகளில் பெரும்பகுதி ஆட்டத்தில் வருவதில்லை. வார நாள்களின் பயிற்சியில், பயிற்சியாளர் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் போடும் பந்துகளில் வருகிறது. மக்னீல் 1967 மார்ச் 8 அன்று அடித்தது போன்ற கோலுக்கு எந்த நாட்டிலும் தொழில்முறை ஆட்டத்தில் தடை இல்லை. செல்டிக் பார்க்கில் இன்றும் 90ஆம் நிமிடத்தில் கார்னர் கிடைத்தால் தடுப்பாட்டக்காரர் முன்னே ஓடி வந்து எம்பி முட்டலாம். அதற்கு முந்தைய நாளும் மறுநாளும் மட்டும் முட்டக்கூடாது.